லைன்ல இருங்க

2013ல் எனக்குக் கிடைத்த முதல் வேலையை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை. நான்கு வருடம் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படித்துவிட்டு, பெரியவர்களுக்குப் போன் பேசக் கற்றுக்கொடுக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் வேலை கிட்டத்தட்ட அதுதான். சென்னையில் ஒரு சின்ன கம்பெனி. அலுவலகங்கள், ஓட்டல்கள், ஆஸ்பத்திரிகளில் இருக்கும் பழைய இன்டர்காமைக் கழற்றிவிட்டு ஐபி போன் மாட்டுவோம். இன்டர்நெட் கேபிளிலேயே ஓடும் மேஜைப் போன். மாட்டி முடித்த மறுநாள், அங்கே வேலை செய்பவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் டிரெய்னிங் கொடுக்கவேண்டும். அது என் பொறுப்பு.

சொல்லவேண்டியவை அதிகம் இல்லை. ஹோல்ட் அழுத்தினால் எதிரே இருப்பவருக்குப் பாட்டு கேட்கும். மியூட் அழுத்தினால் நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. டிரான்ஸ்ஃபர் அழுத்தி வேறு எண்ணைப் போட்டால் கால் அங்கே போய்விடும். மூன்று பேர் பேசவேண்டுமானால் கான்ஃபரன்ஸ். பக்கத்து மேஜையில் அடிக்கும் போனை உங்கள் மேஜையிலிருந்தே எடுக்க பிக்கப். யாரும் கூப்பிடக் கூடாது என்றால் டிஎன்டி. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வரி. கடைசியில் "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்பேன். ரிங்டோனை எப்படி மாற்றுவது என்பதுதான் பெரும்பாலும் வரும் சந்தேகம்.

சேலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில், எண்பது படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரியில், ஆபரேட்டர் அக்கா ஒருவர் வேறு ஒன்று கேட்டார். ஐம்பது வயது இருக்கும். அங்கிருந்த பழைய எக்ஸ்சேஞ்ச் பெட்டியோடு பதினெட்டு வருடம் உட்கார்ந்தவர். நான் டிரான்ஸ்ஃபரைச் செய்துகாட்டும்போது நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர், பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, நான் வார்டுக்கு மாத்தி விட்டுட்டேன். அங்க யாரும் எடுக்கல. அப்ப லைன்ல இருக்கறவங்க என்ன ஆவாங்க?"

"ரிங் போய்ட்டே இருக்கும்க்கா. ஒரு நிமிஷத்துல கட் ஆயிடும்."

"அது எனக்குத் தெரியுமா?"

"உங்களுக்கு எதுக்குக்கா தெரியணும்? உங்க லைன் ஃப்ரீ ஆயிடுச்சே. அடுத்த கால் எடுக்கலாம்."

அறையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு மதியம் மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டியிருந்தது.

*

அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள, டிரான்ஸ்ஃபரில் இரண்டு வகை உண்டு என்பதைச் சொல்லவேண்டும்.

முதல் வகைக்குத் தொழிலில் பிளைண்ட் டிரான்ஸ்ஃபர் என்று பெயர். டிரான்ஸ்ஃபர் பட்டன், எண், மறுபடி டிரான்ஸ்ஃபர். மூன்று விநாடி. அந்தப் பக்கம் யார் எடுக்கிறார்கள், எடுக்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் நாம் வெளியே வந்துவிடலாம். இரண்டாவது, அட்டெண்டட் டிரான்ஸ்ஃபர். கூப்பிட்டவரை ஹோல்டில் வைத்துவிட்டு, அடுத்தவரை நாமே கூப்பிடவேண்டும். அவர் எடுத்ததும் "இன்னார் லைன்ல இருக்காங்க, இன்ன விஷயமா பேசணுமாம்" என்று சொல்லவேண்டும். அவர் சரி என்ற பிறகு இணைத்துவிட்டு விலகவேண்டும். அரை நிமிடம் ஆகும். அவர் எடுக்கவே இல்லையென்றால் திரும்பி வந்து, காத்திருப்பவரிடம் அதை நம் வாயால் சொல்லவேண்டும். சங்கடமான வேலை.

இந்தப் போன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழிக்கு சிப் என்று பெயர். இன்று புழங்கும் அதன் விதிநூல் 2002 ஜூனில் ஆர்எஃப்சி 3261 என்ற எண்ணில் வந்தது. கூப்பிடுவதற்கு 'இன்வைட்', முடிப்பதற்கு 'பை'. டிரான்ஸ்ஃபருக்கான கட்டளை அதில் இல்லை. அடுத்த வருடம் தனி ஆவணமாக வந்தது. அந்தக் கட்டளையின் பெயர் 'ரெஃபர்'. ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு நோயாளியை ரெஃபர் செய்கிறாரே, அதே சொல். என் போன் உங்கள் போனிடம் "நீ போய் அந்த எண்ணைக் கூப்பிடு" என்று சொல்கிறது. அவ்வளவுதான். நான் உங்களைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே விடுவதில்லை. வழி சொல்கிறேன், நடப்பது நீங்கள்.

நான் பின்னால் ஒருநாள் அந்த ஆவணத்தை உட்கார்ந்து முழுக்கப் படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. 'ரெஃபர்' அனுப்பியவருக்கு, போனவர் என்ன ஆனார் என்ற செய்தி திரும்ப வரவேண்டும் என்று அதில் இருக்கிறது. மணி அடிக்கிறது, எடுத்துவிட்டார்கள், எடுக்கவில்லை என்று ஒவ்வொன்றும் 'நோட்டிஃபை' என்ற செய்தியாக வரும். அக்கா கேட்ட கேள்வியை, அவர் கேட்பதற்குப் பத்து வருடம் முன்பே யாரோ சில இன்ஜினியர்கள் யோசித்து விதியில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் நாங்கள் மாட்டிய போன், மாற்றலுக்குச் சம்மதம் கிடைத்த உடனேயே 'பை' சொல்லிவிடும். அதன் பிறகு வரும் செய்தியை யார் பார்ப்பார்கள்? 'உனக்குத் தெரியுமா' என்பதற்கு விதிநூலில் 'தெரியும்' என்று இருந்தது. மேஜையில் 'எதுக்குத் தெரியணும்' என்று ஆகியிருந்தது.

*

ஒன்பது மாதம் கழித்து அதே ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. 'போன் சரியாக வேலை செய்யவில்லை. ராத்திரியில் கட் ஆகிறது. நோயாளியின் உறவினர் நேரில் வந்து தகராறு செய்தார்.' என்னை அனுப்பினார்கள்.

இந்த மாதிரிப் புகாருக்கு முதலில் செய்யவேண்டியது, சிடிஆர் எனப்படும் கால் பதிவுகளைப் பார்ப்பது. யார் பேசினார்கள் என்றோ என்ன பேசினார்கள் என்றோ அதில் இருக்காது. எந்த எண்ணிலிருந்து எந்த எக்ஸ்டென்ஷனுக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி என்று மட்டும் வரிவரியாக இருக்கும். தகராறு நடந்ததற்கு முந்தைய இரவைத் தேடினேன். ஒரு மொபைல் எண் மூன்று முறை வந்திருந்தது.

முதல் கால், இரவு ஒன்பதே முக்கால். ரிசப்ஷன் எடுத்து, பன்னிரண்டு விநாடியில் முதல் மாடி வார்டுக்கு மாற்றியிருக்கிறது. வார்டில் அறுபது விநாடி மணி அடித்து நின்றுவிட்டது. இரண்டாவது கால், ரிசப்ஷனிலிருந்து பில்லிங். பில்லிங்கில் யாரோ எடுத்து வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். மறுபடி அறுபது விநாடி. மூன்றாவது காலில் ரிசப்ஷன் எடுத்து ஹோல்டில் போட்டிருக்கிறது. பதினோரு நிமிடம். கூப்பிட்டவரே வைத்துவிட்டார்.

கேபிள் சரி. ஸ்விட்ச் சரி. வார்டு போனை எடுத்துப் பார்த்தேன், அதுவும் சரி. ஒவ்வொரு பட்டனும் அதனதன் வேலையைச் செய்திருந்தது. புகார்ப் படிவத்தில் 'சோதித்ததில் குறை ஏதும் இல்லை' என்று எழுதி, நிர்வாகியிடம் கையெழுத்து வாங்கி, அதை மூடினேன். இதைச் செய்ய மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆனது.

வெளியே வரும்போது ஆபரேட்டர் அக்கா டீ சொன்னார். நடந்ததை அவர்தான் சொன்னார். கூப்பிட்டவர் பெங்களூரில் வேலை பார்ப்பவர். அன்று அவருடைய அம்மாவுக்கு அங்கே ஆபரேஷன். மயக்கம் தெளிந்ததா என்று கேட்க வேண்டியிருந்தது. கூட இருந்த அக்காவின் மொபைல் சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டது. மூன்றாவது முறை வைத்த பிறகு அந்த ஆள் நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கிடைத்த பஸ்ஸில் ஏறி, காலை ஐந்து மணிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

"அம்மாவுக்கு என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலப்பா. எட்டு மணிக்கே கண்ணு முழிச்சுட்டாங்க. நல்லாத் தூங்கிட்டு இருந்தாங்க."

நல்லவேளை என்று நினைத்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதும் அதையே நினைத்தேன். நாலைந்து முறை அதையே நினைக்கவேண்டியிருந்தது என்பதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது.

*

அந்தப் பதினோரு நிமிடத்தில் அவர் என்ன கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பாட்டை ஏற்றியதே நான்தான். கம்பெனி கொடுத்த இருபத்தெட்டு விநாடி கீபோர்டு இசை, திரும்பத் திரும்ப ஓடும். கணக்குப் போட்டால் இருபத்து மூன்று முறைக்கு மேல் கேட்டிருப்பார்.

ஹோல்டில் பாட்டு வந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லெவி என்பவரின் தொழிற்சாலையில், போன் ஒயர் ஒன்று கட்டடத்தின் இரும்பு உத்தரத்தில் உரசிக்கொண்டிருந்ததாம். பக்கத்திலிருந்த ரேடியோ நிலையத்தின் ஒலிபரப்பு அதன் வழியாக லைனில் இறங்கி, காத்திருந்தவர்களுக்குப் பாட்டு கேட்டிருக்கிறது. அவர் அதைப் பிழையாகப் பார்க்கவில்லை. 1962ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1966ல் கிடைத்தது. அதற்கு முன்பு ஹோல்ட் என்றால் வெறும் மௌனம். மௌனத்தில் இருப்பவருக்கு லைன் இருக்கிறதா செத்துவிட்டதா என்று தெரியாது. பாட்டு 'இன்னும் இருக்கிறது' என்று சொல்கிறது.

ஆனால் எது இருக்கிறது? ஹோல்ட் அழுத்தியதும், என் பக்கத்துப் போன் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. 'இனி நான் அனுப்புவதை மட்டும் கேள், நீ எதுவும் அனுப்பாதே' என்பது அதன் பொருள். அதன்படி விநாடிக்கு ஐம்பது பொட்டலம் என்ற கணக்கில் பாட்டு அவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். அவர் "ஹலோ, சார், ஹலோ" என்று கத்தினால் அது யார் காதிலும் விழாது. இணைப்பு இருக்கிறது, கேட்பவர் இல்லை. பாட்டு போட்டது நல்லதுக்குத்தான் என்றாலும், யாரோ நம்மை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. ரிசப்ஷனில் இருந்தவர் அவரைச் சுத்தமாக மறந்துபோயிருந்தார்.

அந்த ஆளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அதே நேரத்துப் பதிவுகளையும் பார்த்தேன். அந்தப் பதினோரு நிமிடத்துக்குள் வேறு ஆறு கால் எடுத்திருக்கிறார். அன்று இரவு ஒரு விபத்து கேஸும் வந்திருக்கிறது. ஒரே ஆள், ஒரே மேஜை, நான்கு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் போன்.

தவிர, இதே காரியத்தை இன்னும் மோசமாகச் செய்பவன் நான். அம்மா வாரத்தில் மூன்று நாள் கூப்பிடுவார். பக்கத்து வீட்டுக் கல்யாணம், மாமாவின் முட்டிவலி, மோட்டார் காயில் போன கதை என்று போகும். நான் ஸ்பீக்கரில் போட்டு, மியூட் அழுத்தி, வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நடுநடுவே மியூட்டை எடுத்து "ம்" சொல்லிவிட்டு மறுபடி போடுவேன். ஒருநாள் அம்மா பாதியில் நிறுத்திவிட்டு, "லைன் இருக்காடா?" என்றார். இருக்கிறது என்றேன். "இல்ல, உங்க வீட்டு ஃபேன் சத்தம் கேக்கும். இப்ப ஒண்ணுமே கேக்கல, அதான்" என்றார்.

இதற்கும் தொழிலில் ஒரு மருந்து வைத்திருக்கிறோம். எதிரே இருப்பவர் பேசாதபோது பொட்டலங்களை அனுப்பாமல் மிச்சப்படுத்தும் வசதி சில போன்களில் உண்டு. அப்போது லைன் கிணறு மாதிரி அமைதியாகிவிடும். கேட்பவர் பயந்துவிடுவார். அதனால் கேட்பவரின் போனே மெல்லிய இரைச்சல் ஒன்றைத் தயாரித்து அவருக்குப் போட்டுக்காட்டும். அதன் பெயரே ஆறுதல் இரைச்சல். மறுமுனையில் ஓர் அறை இருக்கிறது, அதில் ஒரு மனிதர் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்பவைக்கும் சத்தம். அம்மா பேசிய அன்று அந்த வசதி இல்லாமல் போனது நல்லது என்றே இப்போது நினைக்கிறேன். இருந்திருந்தால் அவர் கேட்டிருக்கமாட்டார். நானும் மியூட்டை விட்டிருக்கமாட்டேன்.

*

டிஎன்டியில் இது இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. அந்தப் பட்டனைப் போட்டுவைத்திருக்கும்போது ஒரு கால் வந்தால், என் போன் ஏதாவது ஒரு பதில் எண்ணைத் திருப்பி அனுப்பவேண்டும். சில போன்களின் செட்டிங்ஸில் அதை நாமே தேர்ந்தெடுக்கலாம். 404 என்றால் அப்படி ஒருவர் இங்கே இல்லை. 480 என்றால் தற்போது கிடைக்கவில்லை. 486 என்றால் பிஸி. 603 என்றால் மறுக்கிறார். நாலில் ஒன்று. ஒரு கிளையன்ட்டின் மேனேஜரிடம் எது வேண்டும் என்று கேட்டேன். "பிஸினே போட்டுருப்பா, அதுதான் மரியாதையா இருக்கும்" என்றார். எல்லோருமே அதைத்தான் சொல்வார்கள்.

இம்மானுவேல் கான்ட் 1797ல் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். கொலைகாரன் வந்து கதவைத் தட்டி, நீ ஒளித்துவைத்திருக்கும் நண்பன் எங்கே என்று கேட்டால்கூடப் பொய் சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்பது அவர் கட்சி. அவ்வளவு தூரம் போக என்னால் முடியாது. 486ஐ ஒரு பெரிய பாவம் என்றும் நினைக்கவில்லை. என் கவலை வேறு. அந்தப் பொய்யை யாரும் சொல்லவில்லை. மேனேஜர் ஒருமுறை ஒரு விருப்பத்தைச் சொன்னார், நான் ஒருமுறை ஒரு டிக் போட்டேன், அதற்குப் பிறகு வருடக்கணக்கில் போன் தானாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பொய் இருக்கிறது, பொய் சொன்னவர் இல்லை. பெங்களூர்க்காரரின் இரவும் அப்படித்தான். கைவிடப்பட்டவர் ஒருவர் இருக்கிறார், கைவிட்டவர் என்று யாரையும் காட்டமுடியவில்லை.

*

இது போன் வந்த பிறகு வந்த நோய் இல்லை. தாலுகா ஆபீஸுக்கு ஒரு சான்றிதழ் வாங்கப் போனவர்களுக்குத் தெரியும். "அந்த சீட்ல போய்க் கேளுங்க." அந்த சீட்டில் ஆள் இல்லை. பக்கத்தில் கேட்டால் "மாடிக்குப் போங்க." ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த சரியான தகவலைத்தான் சொல்கிறார்கள். நாம் மட்டும் மாலை ஐந்து மணிக்கு வாசலில் நிற்கிறோம்.

இதை யோசிக்கும்போதெல்லாம் சிலப்பதிகாரத்தின் வாயிற்காவலன் நினைவுக்கு வருகிறான். பாண்டியனின் அரண்மனை வாசலில் கண்ணகி வந்து நிற்கிறாள். அவனுடைய அரசனை அறம் தவறியவன் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லி, போய்ச் சொல் என்கிறாள். அவன் அவளை விரட்டவில்லை. உள்ளே போங்கள் என்று கைகாட்டிவிட்டு ஒதுங்கவும் இல்லை. உள்ளே போகிறான். வந்திருப்பவள் கொற்றவை இல்லை, காளி இல்லை, ஆனால் அப்படி ஒரு சினத்தோடு நிற்கிறாள், கையில் ஒரு பொற்சிலம்பு வைத்திருக்கிறாள், கணவனை இழந்தவள் என்று அவள் நிலையைச் சொல்கிறான். அரசன் வரச்சொன்ன பிறகு அவளை அழைத்துப்போகிறான். அவனுக்குப் பெயர் இல்லை. வழக்கில் அவனுக்குப் பங்கு இல்லை. ஆனால் அவன் சொன்னதால்தான், யார் வந்திருக்கிறாள், எந்த நிலையில் வந்திருக்கிறாள் என்பது கண்ணகி பேசுவதற்கு முன்பே அரசனுக்குத் தெரிகிறது. இதைவிட நல்ல அட்டெண்டட் டிரான்ஸ்ஃபரை நான் எந்த டிரெய்னிங்கிலும் காட்டியதில்லை.

அதே அரசன்தான் முன்பு வேறு மாதிரி நடந்துகொள்கிறான். ஊடலில் இருக்கும் அரசியைப் பார்க்க அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் பொற்கொல்லன் வந்து, சிலம்பைத் திருடியவன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். அரசன் நின்று விசாரிக்கவில்லை. காவலர்களை அழைத்து, சிலம்பு அவனிடம் இருந்தால் கொன்று எடுத்துவாருங்கள் என்று சொல்லிவிட்டு நடக்கிறான். யாரிடம் ஒப்படைத்தோம், அங்கே என்ன ஆனது என்று திரும்பிப் பார்க்கவில்லை. அவனுடைய லைன் ஃப்ரீ ஆகிவிட்டது. பாண்டியன் கொடுமைக்காரன் அல்ல. உண்மை தெரிந்ததும் உயிரை விட்டவன். அந்த ஒரு நிமிடம் அவனுக்கு வேறு வேலை இருந்தது. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை இதனோடு ஒப்பிடுவது அதிகம் என்று தோன்றலாம். அங்கே ஓர் உயிர் போனது, இங்கே அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தாமஸ் நேகல், பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற இரண்டு தத்துவவாதிகள் 1976ல் இதைப் பற்றி எழுதினார்கள். அறத்திலும் அதிர்ஷ்டம் உண்டா என்பது கேள்வி. கவனமில்லாமல் லாரி ஓட்டும் இருவரில் ஒருவன் முன்னால் ஒரு குழந்தை ஓடிவருகிறது, இன்னொருவன் முன்னால் வரவில்லை. இருவரின் கவனக்குறைவும் ஒன்றே. ஒருவனை வாழ்நாள் முழுவதும் குற்றவாளி என்கிறோம், மற்றவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறான். நான் பஸ்ஸில் நாலைந்து முறை சொல்லிக்கொண்ட 'நல்லவேளை' அந்த இரண்டாவது டிரைவரின் நல்லவேளை. அந்த அம்மா கண் விழித்ததில் எங்கள் போனுக்கோ ரிசப்ஷனுக்கோ எனக்கோ எந்தப் பங்கும் இல்லை. இரவு முழுவதும் பஸ்ஸில் ஒருவர் தன் அம்மா இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் வந்தார். காலையில் கிடைத்த நல்ல செய்தி அந்த இரவை இல்லாமல் ஆக்கிவிடாது.

*

அடுத்த நாலு மாதம் நான் ஒன்றும் செய்யவில்லை. இதைச் சொல்லியாகவேண்டும். பிறகு வேறு ஓர் ஊரில், ஒரு துணிக்கடைக்காகக் கால் பார்க்கிங் என்ற வசதியைச் செட் செய்துகொண்டிருந்தேன். நாங்கள் பயன்படுத்தியது ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருள். 1999ல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க மாணவர் எழுதத் தொடங்கியது, இலவசம். பார்க்கிங் என்பது, காலை ஒரு பொது இடத்தில் நிறுத்திவைப்பது. 701 என்று ஓர் எண் கொடுக்கும். கடையில் எங்கிருந்து வேண்டுமானாலும் 701 அழுத்தி அந்தக் காலை எடுத்துக்கொள்ளலாம். நாற்பத்தைந்து விநாடிக்குள் யாரும் எடுக்காவிட்டால், அந்தக் கால் நிறுத்தியவரின் போனுக்கே திரும்பி வந்து மணி அடிக்கும். நாம் மாற்றாதவரை அது அப்படித்தான்.

துணிக்கடை முதலாளிக்கு அதைச் செய்துகாட்டினேன். நிறுத்தினேன், பேசிக்கொண்டிருந்தோம், மறந்துவிட்டோம். என் போன் அடித்தது. "பாத்தீங்களா, நீங்க வெச்சது உங்ககிட்டயே வந்துருச்சு" என்று நான் சிரித்துக்கொண்டே சொல்லும்போது, அக்காவின் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாற்றிவிட்ட காலுக்கும் இதைச் செய்யலாம். அந்தப் பக்கம் எடுக்கவில்லை என்றால் அனுப்பியவருக்கே திரும்பட்டும். ஒரு செட்டிங்தான். அந்த ஆஸ்பத்திரியில் போன் மாட்டிய முதல் நாளே அது என் கையில் இருந்தது. யாரும் கேட்கவில்லை என்பதால் நான் தொடவில்லை. ஒருவர் கேட்டார். அப்போதும் தொடவில்லை. 'குறை ஏதும் இல்லை' என்று நான் எழுதிக்கொடுத்தது இயந்திரத்தைப் பொறுத்தவரை உண்மை. அந்த இயந்திரம் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று முடிவு செய்தவன் அந்தப் படிவத்தில் எங்கும் இல்லை. அவன் கையெழுத்து மட்டும் கீழே இருந்தது.

மறுவாரம் வேறு வேலையாகச் சேலம் போனபோது இறங்கி, நிர்வாகியிடம் சொல்லி, அதை மாற்றினேன். முப்பது விநாடி எடுக்காவிட்டால் திரும்பி வரும். இதோடு கதை நல்லபடியாக முடிந்திருக்கவேண்டும். இரண்டு வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இரவு ரிசப்ஷனில் இருக்கும் ஆள் அதை எடுத்துவிடச் சொல்கிறார்.

அவரோடு பேசினேன். "சார், நான் ஒரு ஆளு. ஒண்ண மாத்தி விட்டா அது திரும்பி வருது. அதுக்குள்ள ரெண்டு புதுசா அடிக்குது. திரும்பி வந்தவங்ககிட்ட என்ன சொல்றது? வார்டுல நர்ஸம்மா ஒருத்தங்க இருபது பெட்டப் பாத்துட்டு இருக்காங்க. அவங்க எப்படி எடுப்பாங்க? முன்னாடி எனக்குத் தெரியாது, இப்பத் தெரியுது. தெரிஞ்சு நான் என்ன பண்றது?"

அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுப் பதில் இல்லை. பொறுப்பு திரும்பி வரும்படி செய்துவிட்டேன். அது வந்து சேர்ந்த இடம், ஏற்கனவே சுமை தாங்கமுடியாமல் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் மேஜை. பிளைண்ட் டிரான்ஸ்ஃபர் அவருக்கு இரக்கமின்மையால் வந்த பழக்கம் இல்லை, ஓர் இரவைத் தாண்டுவதற்கான வழி. ஆள் போடவேண்டிய நிர்வாகம் ஆளுக்குப் பதில் பட்டன் வாங்கியது. அந்தப் பட்டனை விற்றவர்களில் நானும் ஒருவன். நேர்மையாகச் செய்யவேண்டிய டிரெய்னிங் அந்த ஆபரேட்டர்களுக்கு அல்ல, செலவுக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அவர்கள் அந்த அறையில் வந்து உட்கார்வதில்லை.

கடைசியில் பேசிப் பேசி ஒரு பாதி வழிக்கு வந்தோம். ஐசியுவுக்கும் ஆபரேஷன் முடிந்தவர்களை வைக்கும் வார்டுக்கும் போகும் கால் மட்டும் திரும்பி வரும். மற்றவை பழையபடி. நிர்வாகி சம்மதித்தார், இரவு ஆளும் முனகிக்கொண்டே சம்மதித்தார். எத்தனை பேருக்கு அது உதவியது என்று எனக்குத் தெரியாது. சிடிஆரில் அது வராது.

அன்று கிளம்பும்போது ரிசப்ஷன் மேஜையில், போனுக்கு மேலே கண்ணாடியில், ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டுத் தாள், ஓரங்கள் பழுப்பேறிவிட்டன. ஆபரேட்டர் அக்காவின் கையெழுத்து. டிரெய்னிங் அன்று எழுதியதுதான் என்றார். மூன்று வரி இருந்தது.

'பேர் கேட்கவும். யாரைப் பார்க்கணும் கேட்கவும். அந்தப் பக்கம் ஹலோ சொன்ன பிறகு வைக்கவும்.'

"என் ஷிஃப்ட்ல இப்படித்தான் தம்பி பண்றேன்" என்றார். "ராத்திரி அவரால முடியல. முடிஞ்சப்ப பண்ணுங்கன்னு சொல்லியிருக்கேன்."

அப்போது போன் அடித்தது. எடுத்து, பேரைக் கேட்டு, "லைன்ல இருங்க, நான் கேட்டுச் சொல்றேன்" என்றார். ஹோல்ட் பட்டனை அழுத்தவில்லை. ரிசீவரை மேஜையில் படுக்கவைத்துவிட்டு, பக்கத்திலிருந்த இன்னொரு போனில் வார்டைக் கூப்பிட்டார். நான் கற்றுக்கொடுத்த முறைப்படி அது தவறு. நான் திருத்தவில்லை.